இருபது நிமிடம்

முகுந்தனுக்கு இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் அவனுடையது ஆட்டோமேட்டிக் கார். ஏற்றத்தில் வேகம் கூட அதற்கு டர்போ போட வேண்டும் என்று அவன் சொன்னதும் மெக்கானிக் ஜெரால்டு சிரித்துவிட்டார்.

"இவ்வளவு அவசரமா எங்க சார்? பொண்ணு பார்க்கவா?"

"ஆமாண்ணே. என் பொண்ணைப் பார்க்க."

பிரிந்துபோன மனைவி சாருலதாவோடு மலைமேல் இருக்கும் மகளை, ஞாயிறுதோறும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. அடிவாரச் செக்போஸ்ட் ஆறு மணிக்குத்தான் திறக்கும். வண்டி திணறித் திணறி மேலே போய்ச் சேர ஒன்பது இருபது ஆகிவிடும்.

ஜெரால்டு சிரிப்பை நிறுத்தினார். "போட்டுடலாம். ஆனா கியர்பாக்ஸ் தாங்காது சார். ஆறு மாசம் ஓடினாலே பெரிசு."

"ஆறு மாசம்னா இருபத்தாறு ஞாயிறு. போடுங்க."

வேலை முடிந்த முதல் ஞாயிறு, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவன் அந்த வீட்டு வாசலில் இருந்தான். கேட் பூட்டியிருந்தது. ஹாரன் அடித்தான். ஈரத்தலையில் சுற்றிய துண்டோடு சாருலதா வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா? வண்டிச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சு, யாரோன்னு நினைச்சுட்டோம்." சாவிக்கொத்தில் கேட் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள். "எப்பவும் கீழ் வளைவு திரும்புறப்பவே நீங்கதான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும்."

உள்ளேயிருந்து மகள் கேட்டாள். "யாரும்மா அது?"

அவன் இன்ஜினை அணைத்தான். பூட்டில் சாவியை வைத்தபடி சாருலதா அவனையே பார்த்தாள், பதிலை அவனே சொல்லட்டும் என்பதுபோல.