சும்மாடு

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவி இசக்கிசெல்வியும் தாவரத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே சிலைகளுக்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. தலையில் சட்டியோடு ஒரு கல் பெண் நின்றாள். பலகையில் இருந்த மலையாளத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுமக்கும் பெண் என்று இருந்தது.

பக்கத்து ஊரான கழக்கூட்டத்தில் கட்டட வேலைக்குச் சட்டி சுமப்பவள்தான் இசக்கிசெல்வியும். கழுத்து வலியில் அவள் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

"பாத்தியளா, சும்மாடு இல்லாம சுமக்கா. இதக் கொத்துனவன் ஒருநாளாவது சட்டி தூக்கியிருப்பானா?" என்று சிரித்தாள். தன் துண்டைச் சுருட்டி, "வச்சுக்கோ அக்கா" என்று சிலையின் காலடியில் வைத்தாள்.

மறுநாள் அவளுக்கு வலி இல்லை. வார முடிவில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சட்டி சுமந்தாள்.

"ஏட்டி, கழுத்து முறிஞ்சிரும்."

"எனக்குக் கனக்கவே இல்லயே."

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஐந்தாம் மாடியில் கான்கிரீட் வேலை இருந்தது. நான் தனியாகத் தோட்டத்துக்கு வந்தேன். கல் தலைக்கும் கல் சட்டிக்கும் நடுவில் அவளுடைய துண்டு இருந்தது. நூல் நுழையக்கூட இடைவெளி இல்லை. சிலையின் கழுத்தைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தது.

பயந்துபோய் இரண்டு கையாலும் சட்டியைத் தாங்கினேன். கனம் கைக்கு வந்தது. யாரோ படி ஏறுவதுபோல் அது என் கையில் அசைந்து அசைந்து ஏறியது.

ஐந்து மணிக்குக் காவலாளி வந்தார். "சேட்டா, சிலையத் தொடான் பாடில்ல. கையெ எடுக்கு."

"ஒரு நிமிஷம் சாரே," என்றேன். "அவ இன்னும் இறங்கல."