எழுந்த வேகம்

மாப்பிள்ளை எழுந்த வேகத்தைப் பார்த்து மாமியார் ஓடிப்போய் வாசற்கதவை மறித்து நின்றாள். இன்றைக்கு வெளியே போய்விட்டால் அவர் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

சண்டை மூன்று வருஷத்துப் பழசு. மாமனார் தச்சர், மாப்பிள்ளை வெல்டர். மாமனார் வீட்டுக்கென்று ஆசை ஆசையாக இரும்புக் கேட் ஒன்று அடித்துக் கொண்டுவந்து மாட்டினார் மாப்பிள்ளை. மாமனார் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டுப்பட்டிக்கு நல்லா இருக்கும்" என்றார், நாலு பேர் எதிரில். மாப்பிள்ளை அந்த நிமிஷமே கேட்டைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்தான்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் மகள். பிறந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அதன் வாசல் கண்ணில் படக் கூடாதென்று மூன்று வருஷமாகக் கடைக்குச் சுற்றுவழியில் போய் வந்தாள். "ஒரே ஒரு தடவ எதிரெதிரே உட்காருங்க. ஆகலைன்னா இனிமே ரெண்டு பேரையும் நான் கேக்கமாட்டேன்" என்று சொல்லித்தான் புருஷனை இழுத்து வந்திருந்தாள்.

பஞ்சாயத்துக்கு மாமனாரின் தம்பி. வாய் ஓயாதவர் என்பதால் ஊர் வைத்த பெயர் ரேடியோ சித்தப்பா. ஒரு மணி நேரம் அவர் மட்டும்தான் பேசினார். மற்ற இருவரும் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

மாமியார் கொண்டுவந்து வைத்த உப்புக்கடலை இருவருக்கும் நடுவில் கை படாமல் கிடந்தது. ஒரு கடலையைத் தின்றால்கூட ராசியானதாக ஆகிவிடும், அவ்வளவு வீம்பு என்று அவள் நொந்துகொண்டாள்.

கடைசியில் மாமனார் வாயைத் திறந்தார். "அன்னைக்கு என்ன சொன்னேனோ அதேதான் இன்னைக்கும். அது ஆட்டுப்பட்டிக் கதவுதான்."

அப்போதுதான் மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். ஓரடி வைத்தார். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக மாமனாரின் காலில் விழுந்தார்.

ரேடியோகூட நின்றுவிட்டது.

மாமனார் விருட்டென்று எழுந்தார். மாப்பிள்ளை கையூன்றித் தட்டுத்தடுமாறி நிமிர்ந்ததும் அவரை அப்படியே இறுக்கிக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடி, முகத்தை அவர் தோளில் சாய்த்துக்கொண்டு, விடவே இல்லை. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்த பிறகுதான் பிடி தளர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி, கல்லு கரைஞ்சிடுச்சு. எல்லாம் நான் பேசின பேச்சு" என்றார் சித்தப்பா. பேசுகிறவனுக்குத் தன் பேச்சில் இருக்கிற நம்பிக்கை வேறு எவனுக்கும் எதிலும் கிடையாது.

மகள் அழுதாள், சிரித்தாள், பிறகு நேராகச் சமையலறைக்குள் போனாள். "டப்பாவ எல்லாம் ஏம்மா இடம் மாத்தி வெச்சிருக்க?" என்று அவள் அதட்டுவதும் மாமியார் மூக்கை உறிஞ்சுவதும் கூடம் வரைக்கும் கேட்டது.

மாப்பிள்ளைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கேட்காத மன்னிப்புக்குப் பேர் வாங்கிக்கொள்ள மானமுள்ளவனால் முடியாது.

மாமனார் அவரைப் பின்பக்கத்துப் பட்டறைக்கு அழைத்துப் போனார். "அந்தக் கேட்ட நாளைக்கே கொண்டாந்து மாட்டிடுங்க மாப்பிள்ளை. நீங்க இவ்வளவு எறங்கி வந்தப்புறம் நான் வாயத் தொறந்தா மனுஷனே இல்ல."

"மாமா, ஒன்னு சொல்லணும். சொன்னா மறுபடியும் சண்ட வரும்."

"சொல்லுங்க."

"நான் உங்க கால்ல விழல."

உள்ளே மகள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய போகத்தான் எழுந்தேன். எனக்கு பிரஷர் மாமா. உங்க பொண்ணு பயப்படுவான்னு அவகிட்டகூட சொல்லல. போன வாரம் டாக்டர் ஒரு புது மாத்திர குடுத்தாரு. ரத்தக் குழாய தளர்த்தி விட்டு பிரஷர எறக்குமாம். ஆனா ரொம்ப நேரம் உட்கார்ந்துட்டு சடார்னு எழுந்தா ரத்தம் பூரா காலுக்கு எறங்கிடும், தலைக்குப் பத்தாது, ஒரு நிமிஷம் நிதானிச்சு எழுந்திருங்கன்னாரு. கோவத்துல மறந்துட்டேன். கண்ணு இருட்டிடுச்சு. விழுந்த இடத்துல உங்க காலு இருந்துச்சு, அவ்வளவுதான்."

"கீழ கிடந்ததும் தெளிஞ்சிடுச்சா?"

"தலையும் காலும் ஒரே மட்டத்துக்கு வந்துடுதில்ல. தெளிஞ்சிடுச்சு."

மட்டத்தைப் பற்றித் தச்சருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையை ஆட்டினார்.

"அப்ப நான் போய் அவகிட்டயும் அத்தகிட்டயும் உண்மைய சொல்லிடறேன் மாமா. அப்புறம் உங்க இஷ்டம்."

"ஒன்னும் சொல்ல வேணாம்."

மாமனார் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. மரப்பலகை மேல் கையூன்றி மெல்ல உட்கார்ந்தார்.

"எத்தன எம்ஜி?"

"ரெண்டரை."

"எனக்கு அஞ்சு. உங்களக் கட்டிப் புடிக்கலைன்னா நானும் அங்கயேதான் விழுந்திருப்பேன்."