வலிக்கு அளவெடுத்தவர்

அன்று தையல் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: காலர் தைக்கும் அக்கா, பொத்தான் வைக்கும் அவள் நாத்தனார், இஸ்திரிக்காரர், கையில் டேப்போடு வந்த புது மனிதர். இலவச வைத்தியம் வருகிறது என்று முதலாளி சொன்னதிலிருந்து கூடமே துள்ளிக்கொண்டிருந்தது. கழுத்து வலி தாங்காமல் அந்த வாரத்தோடு வேலையை விட இருந்த அக்கா முந்திக்கொண்டாள்.

“இங்கதான் குத்துது டாக்டர்!”

“எனக்கு இடுப்பு!” என்றாள் நாத்தனார்.

“பேசுற பேச்சுக்கு உனக்கு வாயில்ல வலிக்கணும்! தள்ளும்மா, என் தோளைப் பார்க்கட்டும்,” என்றார் இஸ்திரிக்காரர்.

வந்தவரை வாய் திறக்க விட்டால்தானே! அவர் அக்காவை உட்காரவைத்து, முழங்கையிலிருந்து தரைவரை அளந்தார்.

“எத்தனை நாளைக்கு மாத்திரை டாக்டர்?”

“நான் தச்சருங்க. போன வாரம் நீங்க தைக்கறதை ஓரமா நின்னு பார்த்தாங்களே, அவங்கதான் டாக்டர்.”

“ஐயோ, துணி வாங்க வந்தவங்கன்னு நெனச்சோமே!”

தச்சர் டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். ‘குனிந்து தைப்பதால் வரும் வலி. மேசைகளை நாலு அங்குலம் உயர்த்தவும்.’

“மேசைக் காலுக்கெல்லாம் கட்டை வைக்கணும், வெளிய போங்க. நாளைக்கு வந்தா போதும்.”

“நாளைக்கா? மத்தியானமே வந்து உட்காருவேன்!” என்றாள் அக்கா.

நகர மறுத்த அக்காவைக் கடைசியாக வெளியேற்றிவிட்டு, தச்சர் கதவைச் சாத்தித் தாழிட்டார்.