மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டால்

மணி பன்னிரண்டு. எங்கள் ஸ்டாலுக்கு இதுவரை ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

அறிவியல் கண்காட்சியில் எரிமலைக்கு வாசலிலேயே இடம். ராக்கெட்டுக்கு மேடைக்கு எதிரே. ஸ்பெஷல் பிள்ளைகளுக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற மூலை. காற்றோட்டமாக இருக்கும் என்றார் ஹெச்.எம். அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியை இங்கே போட்டுப் பார்க்கட்டும்.

சண்டை போட்டிருப்பேன். ஆனால் நான் இந்தப் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் வருகிற டீச்சர். மற்ற நாட்களில் வேறு மூன்று பள்ளிகள். எந்த ஸ்டாஃப் ரூமிலும் எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது.

ராமசெல்விக்குப் பதின்மூன்று வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு, எண்ணுவதில் புலி.

ஒரு மாதம் பள்ளி வாசலில் உட்கார்ந்து, எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளை எண்ணினாள். லாரிக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. அதை வைத்து அவளே வரைந்த பட்டை வரைபடம் சுவரில் தொங்குகிறது. பார்த்தால் அசந்துபோவீர்கள். பார்க்கத்தான் ஆள் இல்லை.

இன்றைக்கும் அவளுக்கு அதே வேலைதான். ஸ்டாலுக்குள் வருகிறவர்களுக்குக் கோடு போட வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆள் வந்தால் போதும். அவள் அம்மா.

தங்கபுஷ்பத்துக்குத் திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை. மகன் அபின் வாங்கிய கோப்பைகள் கல்லாவுக்கு மேலே வரிசையாக நிற்கும். மகளைப் பற்றிக் கடையில் பேச்சே கிடையாது. நேற்று நானே போய்க் கையைப் பிடித்துக் கேட்டேன். வருகிறேன் என்றார். நானும் அவசரக்குடுக்கை மாதிரி அதைச் செல்வியிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா வந்துடுவாங்க என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் நிமிரவே இல்லை.

வெறும் தாளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பின்பக்கமாகப் போய் மைதானத்தைச் சுற்றி, விருந்தாளி மாதிரி முன்னால் வந்து நின்றேன். வணக்கம் வேறு வைத்தேன்.

செல்வி பேனாவை எடுக்கவில்லை.

"மிஸ்ஸ எண்ணக் கூடாது. நீதான சொன்ன."

நான்தான் சொன்னேன். ஸ்டாலில் இருக்கிறவர்களைச் சேர்த்தால் கணக்கு பொய்யாகிவிடும் என்று நேற்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிரிப்பு வந்தது.

மூன்று மணிக்குக் கண்காட்சி முடிந்தது. அப்போதுதான் தங்கபுஷ்பத்தின் போன்.

"கடைய விட்டு நகரவே முடியல டீச்சர். பிள்ள தேடுச்சா?"

கோபம் வந்தது. அப்புறம், தனியாளாகக் கடையைக் கட்டி மேய்க்கிறவர், பாவம் என்று தோன்றியது. பரவாயில்லை அக்கா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

செல்வியின் ஃபைலில் வைக்கத் தாளை வாங்கினேன். 'வந்தவங்க' என்று நான் போட்டுக் கொடுத்த கட்டம் காலி.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அவளே ஒரு கட்டம் போட்டிருந்தாள். மேலே 'பாத்துட்டுப் போனவங்க' என்று எழுதியிருந்தாள். உள்ளே கட்டுக் கட்டாகக் கோடுகள். முப்பத்தொரு கட்டு.

ஒரே ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் குட்டி எழுத்தில் இருந்தது: அம்மா, 10.50.

அந்த நேரம் நான் ஹெச்.எம்மையாவது கூட்டி வரலாம் என்று மாடிக்குப் போயிருந்தேன்.

அதற்குப் பிறகும் நாலு மணி நேரம், அம்மா வந்துடுவாங்க, வந்துடுவாங்க என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். கணக்கில் யார் தப்புச் செய்தாலும் விடாதவள், என்னை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.