நாலு பத்துக்கு வந்த படகு

1989இல் பழவேற்காட்டில் இறால் வாங்கும் கம்பெனி ஒன்று தன் கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் போட்டது. மறுநாள் அது கிளம்பவே இல்லை. பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் சகாதேவன் ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். படகுகள் கொண்டுவரும் இறாலை அதில் பதிவு பண்ணும் ஜைனம்புக்கு மனசு அங்கே இல்லை. கடலுக்குப் போன அண்ணன் ஜலீல் இரண்டு நாளாகத் திரும்பவில்லை.

அவர் பழைய சிஸ்டம் இருந்த பிளாப்பியைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. கடைசி வரியில், அன்றைய தேதியில், ஜலீலின் படகு இருந்தது. இறால் பதினேழு கிலோ, நேரம் 4.10.

"இன்னாம்மா, இது நீ அடிச்சதா?"

"இல்ல சார். இன்னும் மணி மூணுகூட ஆவலியே."

ஜைனம்பு முகத்துவாரத்துக்கு ஓடினாள். நாலு பத்துக்கு ஜலீல் கரையேறினான், பதினேழு கிலோ இறாலோடு.

"இன்ஜின் நின்னுபோச்சு. பாய் கட்டிக்கினு வந்தோம்" என்று சிரித்தான்.

மறுநாள் காலை, படகுகள் எல்லாம் கடலில் இருக்கும்போது, ஜைனம்பு கம்ப்யூட்டரைப் போட்டாள். ஊர்ப் படகு ஒன்று விடாமல் அன்றைய சாயங்கால நேரத்தோடு வரிசையாக இருந்தது. அவள் நிம்மதியாக டீ சொல்லி அனுப்பினாள்.