மலைக்குப் போக ஆள் வேண்டும்

“நாலாவது ஆளும் ஓடிட்டாம்மா! இன்னா காரணம் எழுதிக்கிறான்னு நீயே படிச்சிப் பாரு.”

தாளாளர் சவரியப்பன் ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் வீசினார். எதிரில் இருந்த ஷாலினி அதை நிதானமாக எடுத்துப் படித்தாள்.

“மலைக்குளிரு நெஞ்சுல எறங்கிடுச்சின்னு எழுதியிருக்காரு சார்.”

“போன வருஷம் போனவளுக்கு அட்டை கடிச்சிக் காலு வீங்கிடுச்சாம். அதுக்கு மின்ன ஒருத்தனுக்கு பஸ்ல மலை ஏறினாலே வாந்தியாம். சீக்காளிங்கள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? சர்டிஃபிகேட்டக் குடுத்துப் போய்த் தொலைங்கன்னு அனுப்பிட்டேன்.”

கள்ளக்குறிச்சியில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் கட்டி மேய்க்கிற மனிதருக்கு, கல்வராயன் மலையில் கரியாலூரைத் தாண்டி நடத்தும் சின்னக் கிளைப்பள்ளிதான் தீராத தலைவலி. அறிவியல் ஆசிரியர் என்று யாரை அனுப்பினாலும் ஒரு வருஷம் தாண்டுவதில்லை. திங்கட்கிழமை அங்கீகாரத்தைப் புதுப்பிக்க அதிகாரிகள் வருகிறார்கள். அன்றைக்கு அறிவியலுக்கு ஆள் இல்லையென்றால் கிளையை இழுத்து மூட வேண்டியதுதான். மறைந்த மனைவி ஆசைப்பட்டு ஆரம்பித்த பள்ளி அது. மூட அவருக்கு மனசு வரவில்லை.

“ஹெச்.ஆர்.னு உன்ன எதுக்கும்மா போட்டு வெச்சிக்கிறேன்? நீதான் ஒரு வழி சொல்லணும்.”

அடுத்த தெருப் பள்ளியில் மனிதவள மேலாளர் என்று ஒரு பதவி போட்டிருக்கிறார்கள் எனக் காதில் விழுந்த மறுநாளே, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த ஷாலினியைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அவர். தனி அறை, கண்ணாடிக் கதவு, பெயர்ப்பலகை எல்லாம் புதுசு. சம்பளம் மட்டும் பழசு.

“போன வாரம் மலைக்குப் போயி ரெண்டு நாள் தங்கி விசாரிச்சேன் சார். போன நாலு பேரு கிட்டயும் பேசிட்டேன். அறிக்கை எழுதிக்கினு இருக்கேன்.”

“அறிக்கை கெடக்கட்டும். நானே ஒரு யோசனை பண்ணிக்கிறேன். வாத்தியார் தங்குற வூட்டுல பெரிய டிவி, இன்டர்நெட்டு எல்லாம் போட்டுடலாம். செலவு ஜாஸ்தியானாலும் பரவால்ல.”

ஷாலினி பதறிப்போனாள். “ஐயோ, வேணாம் சார்! அங்க ஒண்ணத்தையும் மாத்தாதீங்க. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்.”

செலவு வேண்டாம் என்று சொல்லும் ஊழியரைச் சவரியப்பன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மனசு குளிர்ந்துவிட்டது.

“அப்ப யாரத்தான் அனுப்புறது?”

“நம்ம பவுலின அனுப்புங்களேன் சார். அவங்களும் எம்.எஸ்சி., பி.எட். தானே?”

சவரியப்பன் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார். சோபாவில் சாய்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். அரசு ஆசிரியர் தேர்வை மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கோட்டை விட்டவள்.

“அவளா? டவர் இல்லாத ஊர்ல அரை நாள் தாங்க மாட்டாம்மா. எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணா, அந்தக் காட்டுல கொண்டுபோய் வுட?”

“அப்ப நானே போறேன் சார்.”

“நெசமாவா?”

“மேடம் ஆசைப்பட்டு ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். அத மூட வுடலாமா சார்?”

சவரியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துபோய் பீரோவைத் திறந்து, யாரோ எந்த விழாவிலோ தனக்குப் போர்த்திய சால்வையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“அதே பீரோவுலதான் என்னோட ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் இருக்கு சார். திங்கக்கிழமை அதிகாரிங்க கேப்பாங்க.”

வேலைக்குச் சேருகிற அன்றே எல்லாருடைய சான்றிதழ்களையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஆள் வேறு பள்ளிக்குத் தாவிவிடக் கூடாதே! யாராவது திருப்பிக் கேட்டால் சாவி காணாமல் போய்விடும். அன்று மட்டும் சாவி பூட்டிலேயே தொங்கியது. அவளுடைய சான்றிதழ்க் கட்டை அப்படியே எடுத்துக் கொடுத்து, “நல்லா இரும்மா” என்றார்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. ஷாலினியின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிய டிரைவர் சடையனுக்கு முதுகு வளைந்தது.

“இன்னாம்மா, உள்ள கல்லா வெச்சிக்கிற?”

“பொஸ்தகம்ண்ணே. அங்க பொழுது போவணும் இல்ல?”

கிளம்பும்போது ஒட்டிய உறை ஒன்றைச் சவரியப்பனிடம் நீட்டினாள். “அறிக்கை சார். நிதானமா படிங்க.”

ஜீப் வடக்கனந்தல் பக்கம் திரும்பி மறையும்வரை கையாட்டிவிட்டு, உள்ளே வந்து உறையைப் பிரித்தார்.

‘நான்கு பேரும் மலை பிடிக்காமல் போகவில்லை. டவர் கிடையாது, டிவி கிடையாது, பள்ளி விட்டால் போக ஓர் இடம் கிடையாது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து படித்து, நான்கு பேரும் அரசு ஆசிரியர் தேர்வில் பாஸாகிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் வராது என்று ஆளுக்கு ஒரு சீக்கைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தேர்வுக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன்.’

சவரியப்பன் பீரோவில் ஷாலினியின் சான்றிதழ்க் கட்டு இருந்த காலி இடத்தைப் பார்த்தார். முகம் சிவந்து பக்கத்து அறைக்குப் பாய்ந்தவர், மகளின் கையிலிருந்த போனைப் பிடுங்கிச் சடையனை அழைத்தார்.

“வண்டியத் திருப்புடா!”

“ஷாலினிம்மாவ எறக்கிடணுமா சார்?”

“அவங்க குந்தினு இருக்கட்டும்டா, பவுலினும் வருது, ஏத்திக்கினு போ” என்றவர், மகள் நீட்டிய கையைக் கவனிக்காதவர்போல் போனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.