நானூற்று இருபது கிலோமீட்டர்

"சிவப்பு மட்டும் வேண்டாம். சிவப்பைப் பாத்தாலே உன் கால் சும்மா இருக்காது" என்றாள் அக்கா.

"கலருக்கே இன்னும் வரலக்கா. முதல்ல மாடலைச் சொல்ல விடு அவங்களை" என்றான் தம்பி.

ஷோரூமில் நிறம் தவிரப் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு எலெக்ட்ரிக் கார்கள் அக்கம்பக்கமாக நின்றன. விற்பனைப் பெண் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"இது பெர்ஃபாமன்ஸ் மாடல் சார். நாலு செகண்ட்ல நூறைத் தொடும். ஆனா ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டர்தான். அது பெரிய பேட்டரி. வேகம் சுமார்தான், ஆனா ஐந்நூத்தி அறுபது போகும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் தம்பி முதலில் நின்ற சிவப்புக் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"நாலு செகண்ட்ல நூறைத் தொட்டு அங்க என்னடா பண்ணப் போற?"

"தொட்டுப் பாத்துட்டுத் திரும்பி வந்துடுவேன்."

"அவகிட்ட போய்ச் சொல்றியே மாப்ள" என்றார் அக்காவின் கணவர். "மிக்ஸி வாங்கப் போனப்பவே, மூணாவது ஸ்பீடு இல்லாம கிடைக்குமான்னு கேட்டவ உங்கக்கா."

அக்கா சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் பைக்கில் போய் விழுந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள். அவனுடைய காலர் எலும்பில் இன்னும் தகடு இருக்கிறது. பைக்கை விற்கவைத்ததும் அவள்தான்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம்டா. நீ முழுசா வீடு வந்து சேரணும். அவ்வளவுதான்."

விற்பனைப் பெண் பேச்சை மாற்றினாள். "எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க மேடம்?"

"இவன் வேலை பாக்கிற ஊர்லேருந்து எங்க வீட்டுக்கு நானூத்தி இருபது. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை வருவான்."

"அப்போ பெரிய பேட்டரிதான் மேடம். வழியில எங்கேயும் நிக்க வேண்டாம்."

"அதையே போட்டுடுங்க" என்றாள் அக்கா.

தம்பி மனசில்லாமல் இறங்கினான். சிவப்புக் காரின் கதவை, தூங்கும் குழந்தை இருக்கும் அறையைச் சாத்துவதுபோல மெதுவாகச் சாத்தினான்.

"எழுதிக்கோங்க மேடம். இவங்க எனக்கு அக்கா இல்ல. ஸ்பீடு பிரேக்கர்."

விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாம்பல் நிற வண்டிக்கு ஆர்டர் எழுதினார்கள்.

நான்கு மாதத்தில் எட்டு முறை அந்தக் காரில் வந்து போனான். அவன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவன். அந்தச் சனிக்கிழமை டூட்டி முடித்துவிட்டுக் காலை ஏழரைக்கு போன் செய்தான்.

"கிளம்பிட்டேன்க்கா. சாப்பாட்டுக்கு இருப்பேன்."

"மெதுவா வா."

"நீ வாங்கிக் கொடுத்த வண்டியில வேற எப்படி வர்றது?"

தட்டு எடுத்து வைத்தாள். ஒரு மணிக்கு மறுபடியும் போன் வந்தது. அவன் எண்தான். பேசியது வேறு யாரோ. வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர், வளைவே இல்லாத சாலை, நல்ல வெயில், ஓரத்தில் ஒரு மரம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்னதான் அவசரமோ. என்ன வேகம்."

ஒவ்வொருவருக்கும் அவள் பதில் சொன்னாள். "அது வேகமா போற வண்டியில்ல. நானே பாத்து எடுத்துக் கொடுத்தது."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. பெற்றவளாக இருந்து வளர்த்தவள், அப்படித்தான் சொல்லுவாள் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தார். நரைத்த மனிதர். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் சாப்பாட்டு மேசைமேல் லேப்டாப்பைத் திறந்தார். காரிலிருந்த பதிவு எல்லாம் அதில் இருந்தது.

"எவ்வளவு வேகத்துல வந்தான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அக்கா. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எழுபத்தி நாலும்மா. காலையிலேருந்து ஒரு தடவைகூட எண்பதைத் தாண்டல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வாரமாக இறுகிக் கிடந்த தோள் மெல்லத் தளர்ந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் கணவரிடம். "என் தம்பி மெதுவாத்தான் வந்திருக்கான். நான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கான்."

அவர் அவள் முதுகில் கை வைத்தார்.

"நைட் டூட்டி முடிச்சுட்டு அப்படியே கிளம்பினாராம்மா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஆமா. எப்பவும் அப்படித்தான் வருவான்."

"பிரேக்கைத் தொடவே இல்லம்மா. தூங்கியிருக்கார்." லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார். "அஞ்சேகால் மணி நேரம். ஒரு டீ குடிக்கக்கூட இறங்கல. வண்டி எங்கேயும் நிக்கவே இல்ல."

பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே, லேப்டாப்பை மூடிக்கொண்டே சொன்னார்.

"இதே வண்டியில வேகமா போற மாடல் ஒண்ணு இருக்கும்மா. அதுக்கு இவ்வளவு தூரம் வராது. அதை எடுத்திருந்தா, பாதி வழியில சார்ஜுக்கு நின்னே ஆகணும். அந்த அரை மணி நேரம் சீட்டைச் சாய்ச்சுத் தூங்கியிருப்பார்."

காவல் நிலையத்தின் பின்பக்கம், தார்ப்பாய் மூடி நிற்கும் அந்தச் சாம்பல் நிறக் காரின் பேட்டரியில் இன்னும் நூற்று எழுபது கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.